ஆய்வை ஏன் அங்கே நிறுத்தினார்கள் என்றும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய செயலிகளையும் இணையச் சேவைகளையும் பற்றிய செய்திகளில், "பயனர்களிடம் விரிவாக ஆய்வு நடத்திய பிறகே இதை வெளியிட்டிருக்கிறோம்" என்ற வரி இப்போதெல்லாம் தவறாமல் இடம்பெறுகிறது. அதைப் படிக்கும் வாசகர் எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று யோசிக்கலாம்; என்ன கேட்டார்கள் என்றும் யோசிக்கலாம். அந்த ஆய்வு ஏன் குறிப்பிட்ட அந்த நபரோடு நின்றது, அடுத்தவரை ஏன் பார்க்கவில்லை என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பல ஆண்டுகளாகப் பயனர் ஆய்வையே தொழிலாகக் கொண்டிருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஓர் ஆய்வை எவ்வளவு நம்பலாம் என்பது, அதை நிறுத்தியவர்கள் எதை வைத்து நிறுத்தினார்கள் என்பதைப் பெரிதும் பொறுத்தது. இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறேன்.

பயனர் ஆய்வு என்பது ஒரு பொருளையோ சேவையையோ பயன்படுத்தப் போகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் என்ன செய்கிறார்கள், எங்கே தயங்குகிறார்கள், எதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்த்தும் கேட்டும் தெரிந்துகொள்வது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முடிவு உண்டு. கடைசி வீட்டின் கதவைத் தட்டியதும் வேலை முடிந்துவிடும். எங்கள் வேலைக்கு அப்படி ஒரு கடைசி வீடு கிடையாது. இன்னும் ஒருவரைச் சந்திக்கலாம், அவரிடமும் ஏதாவது கிடைக்கும். ஆகவே முடிவு தானாக வருவதில்லை. யாரோ ஒருவர் முடிவு கட்ட வேண்டியிருக்கிறது. நான் பார்த்தவரை பெரும்பாலான ஆய்வுகளுக்கு முடிவு கட்டுவது நாட்காட்டி, பணம், ஆய்வாளரின் களைப்பு ஆகிய மூன்றில் ஒன்றுதான். நான்காவதாக ஒன்றும் உண்டு. எதிர்பார்த்த பதில் காதில் விழுந்துவிட்டது என்ற நிம்மதி அது. முதல் மூன்றையும் அறிக்கையில் எழுதிவிடலாம், எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நான்காவதை யாரும் எழுதுவதில்லை. தனக்கே தெரியாதபோது எப்படி எழுதுவது?

மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்யும் ஒரு செயலிக்கான ஆய்வில் நான் இருந்தேன். எட்டுப் பேரை வரச் சொல்லியிருந்தோம். முதல் ஐந்து பேரும் சிரமமில்லாமல் முன்பதிவு செய்து முடித்தார்கள். சின்னச் சின்னக் குறைகள் சொன்னார்கள், அவ்வளவுதான். ஐந்தாமவர் எழுந்து போனதும், "ஐந்து பேர் போதும் என்றுதானே உலகமே சொல்கிறது, மீதி மூன்று பேரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்று திட்டப் பொறுப்பாளர் சொன்னார். மூவரும் அடுத்த நாள் வருவதாக ஏற்கெனவே உறுதி செய்துவிட்டார்கள், இனி மறுப்பது மரியாதையில்லை என்ற ஒரே காரணத்தால் ஆய்வு தொடர்ந்தது. ஆறாமவரும் ஏழாமவரும் புதிதாக எதையும் சொல்லவில்லை. எட்டாவதாக வந்தவர் பணி ஓய்வு பெற்ற ஓர் அம்மா. எல்லோரையும் போல அவரும் தன் கைப்பேசியையே கொண்டு வந்திருந்தார். அதில் எழுத்துகளை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி வைத்திருந்தார்.

பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் நிதானமாக, ஒரு பிழையும் இல்லாமல் நிரப்பினார். பிறகு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எழுத்து பெரிதானதால் 'உறுதி செய்' என்ற பொத்தான் திரையின் கீழ் விளிம்புக்கு அப்பால் போய்விட்டிருந்தது; அந்தப் பக்கமோ விரலால் தள்ளினாலும் நகராதபடி அமைக்கப்பட்டிருந்தது. அவருடைய கைப்பேசியில் அந்தப் பொத்தான் இல்லவே இல்லை. இரண்டு நிமிடம் கழித்து என்னைத் திரும்பிப் பார்த்து, "எல்லாம் சரியாத்தானேம்மா போட்டேன்? நான்தான் எதையாவது தப்பா அழுத்திட்டேனா?" என்று கேட்டார்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கு அதிகமோ, அவர்களால் முன்பதிவு செய்ய முடியாத ஒரு செயலியை நாங்கள் நல்லபடியாக இருக்கிறது என்று அனுப்பி வைத்திருப்போம். எட்டுப் பேர்தான் சரியான எண்ணிக்கை என்று நிறுவ இதைச் சொல்லவில்லை. முதலில் வந்த ஏழு பேரும் ஒரே வார்ப்பில் இருந்தார்கள்: எல்லோரும் இளைஞர்கள், நாள் முழுவதும் கைப்பேசியோடு இருப்பவர்கள், அழைத்தவுடன் வரக்கூடியவர்கள். அப்படிப்பட்ட எழுபது பேரைப் பார்த்திருந்தாலும் அந்தப் பொத்தான் காணாமல் போனது எங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஐந்து பேர் போதும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வெறும் வதந்தி அல்ல. ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் ஆகிய இருவர் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் எடுத்துக்கொண்ட சோதனைகளில் ஒரு குறை ஒரு பயனர் வழியாக வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அதாவது ஒரு குறை ஒருவரிடம் தென்படாமல் போகும் வாய்ப்பு 69 சதவீதம். ஐந்து பேரிடமும் தென்படாமல் போக 0.69ஐ ஐந்து முறை பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 16 சதவீதம் வரும். மீதி 84, 85 சதவீதக் குறைகள் ஐந்து பேருக்குள் அகப்பட்டுவிடும் என்பதே அந்தக் கணக்கு. ஐந்து என்ற எண்ணைப் பரவலாக்கியது, அந்தக் கணக்கை வைத்து நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதிய ஒரு சிறிய கட்டுரை. கிடைக்கும் பணத்தை ஒரே பெரிய சோதனையில் கொட்டாமல், ஐந்து பேரிடம் சோதித்துத் திருத்தி, மறுபடியும் ஐந்து பேரிடம் சோதித்துத் திருத்துங்கள் என்றுதான் அவர் அதில் வாதிட்டிருந்தார். அந்த 'மறுபடியும்' பல அலுவலகங்களின் காதில் ஏறவே இல்லை.

அந்தக் கணக்கு முழுவதும் 31 என்ற ஒரே எண்ணின் மேல் நிற்கிறது. ஒரு குறை பத்தில் ஒருவருக்கு மட்டும் வரக்கூடியது என்றால், ஐந்து பேரிடம் அது தலைகாட்டும் வாய்ப்பு 41 சதவீதம்தான். அதே 85 சதவீத உறுதி வேண்டுமானால் 18 பேரைப் பார்க்க வேண்டியிருக்கும். இருபதில் ஒருவருக்கு வரக்கூடிய குறை ஐந்து பேரிடம் வெளிப்படும் வாய்ப்பு கால்வாசிகூட இல்லை. 2001ஆம் ஆண்டில் ஜாரெட் ஸ்பூல், வில் ஷ்ரோடர் ஆகியோர் பெரிய இணையத்தளங்களில் பொருள் வாங்கும் சோதனைகளை நடத்தியபோது, முதல் ஐந்து பேர் வழியாக ஏறத்தாழ 35 சதவீதக் குறைகளே வெளிவந்ததாகத் தெரிவித்தார்கள். 2003ஆம் ஆண்டில் லாரா ஃபாக்னர் 60 பேரிடம் ஒரே சோதனையை நடத்தி, அதிலிருந்து ஐந்தைந்து பேராகப் பலமுறை குலுக்கி எடுத்துப் பார்த்தார். சராசரி 85 சதவீதம் என்றே வந்தது. ஆனால் எந்த ஐந்து பேர் கையில் சிக்குகிறார்கள் என்பதைப் பொறுத்து அது 55 சதவீதம் வரைக்கும் இறங்கியது. ஆய்வு நடத்தும் ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான் ஐந்து பேர் கிடைக்கிறார்கள். தன் கையில் கிடைத்தது எந்த ஐந்து என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்மவர்கள் சொன்னது உண்மைதான். ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே தீ, நன்றாகக் கிளறப்பட்ட பானை என்பதால் அங்கே ஒரு பருக்கை போதும். எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவரும், திரையைக் காதால் கேட்பவரும், பேரப்பிள்ளையின் உதவியோடு பயன்படுத்துபவரும், ஒரு கைப்பேசியை நான்கு பேராகப் பகிர்ந்துகொள்ளும் குடும்பமும் ஒரே பானையில் இல்லை. எனவே எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன் எத்தனை பானை என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு வகையினரிடமிருந்தும் சிலரையாவது பார்க்காதவரை ஆய்வை நிறுத்தும் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

இதுவரை சொன்னது குறைகளைக் கண்டுபிடிக்கும் சோதனைகளைப் பற்றி. மக்களின் வாழ்க்கையை, தேவையை, பயத்தைப் புரிந்துகொள்வதற்கான நேர்காணல்களில் நிறுத்துமிடம் இன்னும் நுட்பமானது. இங்கே வழிகாட்டியாகச் சொல்லப்படுவது செறிவு நிலை. சமூகவியலாளர்களான பார்னி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ராஸ் இருவரும் 1967ஆம் ஆண்டில் முன்வைத்த கருத்து அது. மேலும் மேலும் கேட்டாலும் புதிதாக எதுவும் சேராமல், கேட்டதே திரும்பத் திரும்ப வரும் கட்டத்தை எட்டினால் நிறுத்தலாம் என்பது அதன் சாரம். சொல்வதற்கு எளிது. எப்போது வரும் என்று திட்டமிட்டுப் பணம் ஒதுக்க வேண்டியவர்களுக்கு அது எந்த உதவியும் செய்யவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 2006இல், கிரெக் கெஸ்ட்டும் அவருடைய சகாக்களும் கானா, நைஜீரியா ஆகிய இரண்டு நாடுகளின் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களைப் பின்னோக்கி ஆராய்ந்து, முக்கியமான கருத்துகள் முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே வந்துவிட்டன என்றார்கள். அன்றிலிருந்து 12 என்பதும் ஐந்தைப் போலவே ஒரு மந்திர எண்ணாகிவிட்டது. அவர்கள் பேசியது ஓரளவு ஒத்த பின்னணி கொண்டவர்களிடம், ஏறத்தாழ ஒரே கேள்விகளைக் கேட்டு எடுத்த நேர்காணல்களைப் பற்றி என்பதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு.

எனக்கு அதைவிட மிகவும் உதவியது 2017இல் மோனிக் ஹென்னிங்க் குழுவினர் காட்டிய ஒரு வேறுபாடு. ஒரு விஷயம் காதில் விழுவது வேறு, அந்த விஷயம் புரிவது வேறு என்று அவர்கள் பிரித்தார்கள். அவர்களுடைய ஆய்வில், பேசப்படும் விஷயங்களின் பட்டியல் 9 நேர்காணல்களில் ஏறத்தாழ முழுமை பெற்றுவிட்டது. அவற்றின் பொருளை ஆழமாக அறிய 16 முதல் 24 வரை தேவைப்பட்டன. இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கடவுச்சொல் மறந்துபோகிறது என்பதை எந்த ஆய்விலும் இரண்டாவது ஆளே சொல்லிவிடுவார். பட்டியலில் ஒரு வரி சேர்ந்துவிடும்; மூன்றாமவரும் நான்காமவரும் அதையே சொல்லும்போது, 'இது தெரிந்ததுதான்' என்று பேனா தானாக நின்றுவிடும். ஒருமுறை பத்துப் பேருக்கு மேல் பார்த்த பிறகு ஒரு பெண், தான் கடவுச்சொல்லை மறக்கவில்லை என்றும், வீட்டில் இன்னொருவர் அதைத் தெரிந்துகொண்டு தன் செய்திகளைப் படிப்பதால் வாரந்தோறும் மாற்றிவிட்டு, மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வதாகவும் தணிந்த குரலில் சொன்னார். பட்டியலில் அது அதே வரிதான். அந்த வரிக்கு அடியில் இருந்தது முற்றிலும் வேறு வாழ்க்கை. 'மறந்தவர்களுக்கு எளிய வழி' என்று நாங்கள் வகுத்து வைத்திருந்த தீர்வு, அவரை உளவு பார்த்தவருக்கும் எளிய வழியாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே ஒவ்வொரு நேர்காணலுக்குப் பிறகும், அன்று மாலையே, தூங்கப் போகுமுன், இன்று புதிதாக என்ன கேட்டேன் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். முதல் நாளில் பக்கம் நிரம்பிவிடும். நாள் போகப் போக வரிகள் குறையும். புதிய வரி எதுவும் எழுதாத நாள் ஒன்று வந்தால் உடனே நிறுத்துவதில்லை. அன்று எனக்குக் களைப்பா, அல்லது உண்மையிலேயே புதிது எதுவும் இல்லையா என்று அந்த ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. தொடர்ந்து இரண்டு, மூன்று பேரிடம் புதிது எதுவும் வராதபோதுதான் நிறுத்துவதைப் பற்றி யோசிக்கிறேன். இதையே இன்னும் ஒழுங்காக, முதல் சில நேர்காணல்களில் கிடைத்த தகவலை அடிப்படையாக வைத்து, அடுத்தடுத்து வரும் நேர்காணல்களில் சேரும் புதிய தகவல் அதில் எத்தனை சதவீதம் என்று அளந்து பார்க்கும் முறையை கெஸ்ட்டும் சகாக்களும் 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள். புதிதாகச் சேர்வது 5 சதவீதமோ அதற்கும் குறைவோ ஆனால் நிறுத்தலாம் என்பது போன்ற ஓர் அளவை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். குறிப்பேடு போதுமென்பவர்கள் குறிப்பேட்டோடு இருக்கலாம். எழுதி வைப்பதுதான் முக்கியம். நினைவை நம்பினால், நினைவு நமக்கு வேண்டியதைத்தான் எடுத்துக் கொடுக்கும்.

செறிவு என்ற கருத்தையே ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். பொருள் என்பது கிணற்று நீர் போல வற்றும்வரை இறைத்து எடுக்கும் ஒன்றல்ல, ஆய்வாளரும் பேசுபவரும் சேர்ந்து உருவாக்குவது, எனவே 'இனிமேல் எதுவும் இல்லை' என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது, இத்துடன் போதும் என்று தீர்மானிக்கத்தான் முடியும் என்பது அவர்கள் வாதம். நான் அவர்கள் பக்கமே சாய்கிறேன். தீர்மானம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், எதற்காக அந்தத் தீர்மானம் என்ற கேள்வி தானாக எழுகிறது. ஒரு பொத்தானின் பெயரை மாற்றுவதற்காக ஆய்வு நடத்தினால், தவறினாலும் மறுநாளே திருப்பி மாற்றிவிடலாம். நான்கு பேரைப் பார்த்துவிட்டு நிறுத்துவதில் குற்றமில்லை. அலுவலக வாசலில் வரிசையில் நின்று விண்ணப்பம் கொடுக்கும் வழியை அடியோடு மூடிவிட்டு எல்லாவற்றையும் செயலிக்குக் கொண்டுபோவதா என்று முடிவெடுப்பதற்காக நடத்தினால், தவறினால் வெளியே நிற்கப் போகிறவர்கள் யார் என்று தெரியும்வரை நிறுத்தக் கூடாது. இரண்டுக்கும் ஒரே எண்ணைச் சொல்லும் விதி எதுவானாலும் அது தவறான விதி.

எண்ணிக்கை பெரிதாக இருக்கும் ஆய்வுகளிலும் இதே நோய் வேறு உருவில் வருகிறது. இரண்டு வடிவங்களைப் பல்லாயிரம் பேருக்குப் பிரித்துக் காட்டி எது மேல் என்று பார்க்கும் ஏ/பி சோதனைகளில், தினமும் காலையில் முடிவுப் பலகையைத் திறந்து பார்த்து, தாங்கள் விரும்பிய வடிவம் முன்னிலை வகிக்கும் நாளில் 'வெற்றி' என்று சோதனையை முடித்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. உண்மையில் வேறுபாடே இல்லாத இரண்டு வடிவங்களை வைத்து, இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் பிழைக்கு 5 சதவீதம் இடம் கொடுத்து ஒரு சோதனை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். இடையிடையே ஐந்து முறை எட்டிப் பார்த்து, சாதகமாக இருக்கும் இடத்தில் நிறுத்தினால், பிழையின் வாய்ப்பு ஏறத்தாழ 14 சதவீதமாகிவிடும். பீட்டர் ஆர்மிட்டேஜும் சகாக்களும் 1969ஆம் ஆண்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டிய விஷயம் இது. இடையில் பார்க்கவே கூடாது என்பதல்ல. ஆபிரகாம் வால்டு இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உருவாக்கிய தொடர்முறைப் பகுப்பாய்வு, ஒவ்வொரு படியிலும் பார்த்து முடிவெடுப்பதற்கென்றே அமைந்தது. அங்கே எந்தக் கோட்டைத் தொட்டால் நிறுத்துவது என்பது முதல் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே வரையப்பட்டிருக்கும்.

இன்னொரு கணக்கையும் வாசகர்கள் கையில் வைத்திருக்கலாம். 30 பேரைச் சோதித்தோம், ஒருவருக்கும் பிரச்சினை வரவில்லை என்று ஒரு நிறுவனம் சொன்னால், மூன்றை முப்பதால் வகுத்துப் பாருங்கள்; சோதித்தவர்கள் எத்தனை பேரானாலும் வகுக்க எடுத்துக்கொள்வது மூன்றைத்தான். பத்தில் ஒன்று வருகிறதல்லவா? நூற்றுக்குப் பத்துப் பேர் வரைக்கும் பிரச்சினை வரக்கூடும் என்பதை அந்தச் சோதனை இன்னும் மறுக்கவில்லை என்று பொருள். புள்ளியியலில் 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

விரைவில் நிறுத்துவதைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன்; நிறுத்தாமல் இழுப்பதும் அதே அளவு தவறு. எனக்கு மிகவும் வருத்தம் தந்த ஓர் அனுபவம் அது தொடர்பானதுதான். ஒரு நிறுவனத்துக்காக நடத்திய ஆய்வில், அவர்கள் ஓராண்டாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு வசதி யாருக்கும் தேவைப்படவில்லை என்பது ஆறாவது நேர்காணலிலேயே தெளிவாகிவிட்டது. திட்டமிட்ட பத்தும் முடிந்தது. இன்னும் ஆறு பேரைப் பாருங்கள் என்றார்கள். பார்த்தோம். வேறு ஊர்களில் பாருங்கள் என்றார்கள். அதையும் செய்தோம். கடைசியில் ஒருவர், மரியாதைக்காக, "இருந்தால் நல்லாத்தான் இருக்கும்" என்றார். அன்றே ஆய்வு முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். பிடித்த பதில் ஐந்தாவது ஆளிடம் வந்தால் ஐந்தோடு நிற்பதும், பிடிக்காத பதில் வந்தால் பிடித்தது வரும்வரை ஓடுவதும் ஒரே செயலின் இரண்டு முகங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக இருபதுக்கும் மேற்பட்டவர்களின் நேரத்தை எடுத்துக்கொண்டோம். அவர்கள் சொன்னதைக் கேட்கத்தான் வந்திருக்கிறோம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தோம்.

முடிவெடுக்கத் தயங்குபவர்களுக்கும் ஆய்வு நல்ல ஒளிவிடமாகிவிடுகிறது. இன்னும் ஆய்வு நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மூன்றாவது ஆளிலேயே ஒரு தடை எல்லோரையும் ஒரே இடத்தில் நிறுத்துகிறது என்று தெரிந்துவிட்டால், மீதி ஒன்பது பேரையும் அதே சுவரில் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அங்கே நிறுத்தி, திருத்தி, பிறகு தொடர வேண்டும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவில் பணியாற்றிய ஆய்வாளர்கள் 2002இல் இதையே ஒரு முறையாக வகுத்து வெளியிட்டார்கள். பங்கேற்பவர் மனம் நோகிறது, கை நடுங்குகிறது என்று தெரிந்தால் அந்த அமர்வை அப்போதே முடித்துவிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

முடிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் மறந்துவிடும் ஒன்று, ஆய்வு முடிந்தது என்பதைப் பங்கேற்றவர்களிடம் சொல்வது. நானே மறந்திருக்கிறேன். நான்கு வாரம் தினமும் இரவில், அன்று அந்தச் சேவையை எப்படிப் பயன்படுத்தினோம் என்று ஒரு சிறு குறிப்பு எழுதி அனுப்பும்படி சிலரைக் கேட்டிருந்தோம். மூன்று வாரத்திலேயே குறிப்புகளில் புதிது எதுவும் இல்லை என்று தெரிந்ததும், அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டோம். நிறுத்தலாம் என்று அவர்களுக்கு எழுதுவது ஒருவர் மற்றவர் செய்வார் என்று விடுபட்டுப்போனது. அறிக்கை கொடுத்துப் பல நாள் கழித்து அந்த அஞ்சல் பெட்டியைத் திறந்தால், நான்கு வாரம் முடிந்த பிறகும் ஒருவர் ஒரு நாள்கூட விடாமல் எழுதி அனுப்பியிருந்தார். ஒரு குறிப்பில், "இன்று காய்ச்சல், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்" என்று இருந்தது. அவரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, யாராவது படிப்பார்கள் என்று நினைத்து எழுதியதாகச் சொன்னார்.

அன்று முதல், ஆய்வு தொடங்கும் முன் எழுதும் திட்டக் குறிப்பிலேயே, எந்த முடிவுக்காக இந்த ஆய்வு, எந்தெந்த வகையினரைப் பார்க்காமல் நிறுத்தக் கூடாது, எதைக் கண்டால் நிறுத்துவது, எதைக் கண்டால் பாதியிலேயே நிறுத்துவது, நிறுத்தியதை யார் எந்த நாளில் பங்கேற்றவர்களுக்குத் தெரிவிப்பது, அவர்கள் முகமும் குரலும் பதிந்த கோப்புகளை எப்போது அழிப்பது என்பதை எழுதி, ஆய்வுக்குப் பணம் தருபவரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போவதில்லை. இடையில் மாற்ற வேண்டி வந்தால் மாற்றலாம், ஆனால் என்ன காரணத்தால், எந்தத் தேதியில் மாற்றினோம் என்பதை அதற்குக் கீழேயே எழுத வேண்டும். பணமும் நாளும் தீர்ந்ததால்தான் நிறுத்துகிறோம் என்றால் அதையே எழுதலாம். அதில் அவமானம் எதுவுமில்லை. பத்துப் பேரைப் பார்த்தோம், பணம் அவ்வளவுதான் இருந்தது, பார்வைக் குறைபாடு உள்ள யாரையும் பார்க்க முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லும் அறிக்கையை, 'விரிவான ஆய்வு' என்று மட்டும் சொல்லும் அறிக்கையைவிட நான் நம்புவேன்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். பயனர் ஆய்வின் முடிவு என்று ஏதேனும் ஒரு செய்தி தங்கள் அலுவலகத்துக்கு வரும்போது, தங்கள் நிருபர்கள் எத்தனை பேர் என்பதோடு நிற்காமல், ஏன் அங்கே நிறுத்தினீர்கள், அதை எப்போது தீர்மானித்தீர்கள், யாரைப் பார்க்காமல் விட்டீர்கள், கடைசியாகப் பார்த்த இருவர் புதிதாக ஏதாவது சொன்னார்களா என்று கேட்க வேண்டும். கிடைக்கும் பதிலைச் செய்தியின் அடியில் ஒரே வரியில் அச்சிட்டால் போதும். பதில் தர மறுத்தால், மறுத்தார்கள் என்று அச்சிடலாம். தாங்களே வாசகர்களிடம் நடத்தும் கருத்துக் கணிப்புகளின் கீழும் அந்த வரி இடம்பெற்றால், மற்றவர்களிடம் கேட்பதற்குத் தங்கள் நிருபர்களுக்குத் தயக்கம் இருக்காது.

இப்படிக்கு,
பயனர் ஆய்வுப் பணியில் இருக்கும் ஒரு வாசகி